யார், யாரிடம் கூறியது? கெர்னல் புதுப்பிப்புக்குப் பின் கணினி எழாதபோது



2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐ ஏற்றுக்கொள்ளாத பழைய மடிக்கணினிகள் நம்மிடையே நிறைய இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்களைப் பதிந்து பயன்படுத்தி வருகிறார்கள். டெலிமா, கூகல் வகுப்பறை எல்லாமே உலாவியில் திறப்பவைதான். ஆகவே அன்றாட வேலைக்குக் குறை ஒன்றும் இல்லை. சிலர் விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு நாள், “புதுப்பிப்புகள் உள்ளன, மீண்டும் தொடங்கவும்” என்று கணினி கேட்கும். சரி என்று அழுத்துவோம். அணைந்து எழும்போது வழக்கமான திரைக்குப் பதில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தில் நான்கு ஆங்கில வரிகளும் வரும். உடனே புலனக் குழுவில் செய்தி பறக்கும்: “டீச்சர், லெப்டாப் ஓன் ஆக மாட்டேங்குது. ஃபார்மெட் பண்ணிடலாமா?”

வேண்டாம். இந்தக் கட்டுரையின் சாரமே அந்த ஒரு சொல்தான். கெர்னல் புதுப்பிப்புக்குப் பின் கணினி எழவில்லை என்றால், பெரும்பாலும் உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வகுப்புசார் மதிப்பீட்டுப் பதிவுகள், முன்னோட்டத் தேர்வுத் தாள், மாணவரின் செய்பணி எல்லாம் வன்தட்டில் அப்படியேதான் இருக்கும். கெர்னல் புதுப்பிப்பு அந்தப் பக்கம் போவதே இல்லை. அவற்றை உண்மையில் அழிப்பது அவசரப்பட்டுச் செய்யும் ஃபார்மெட்தான்.

அப்படியானால் என்ன செய்வது? நாம் நாடகப் பாடத்தில் கேட்கும் பழைய கேள்வியையே திரையிடம் கேட்க வேண்டும்: இக்கூற்றை யார், யாரிடம், எச்சூழலில் கூறினார்?

ஒரு சிறு குறிப்பு. திரையில் வரும் ஆங்கில வாசகங்களையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

1. கணினி எழுவது ஓர் அஞ்சல் ஓட்டம்

விசையை அழுத்தியதும் இயங்குதளம் நேரடியாக எழுந்துவிடுவதில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டியின் அஞ்சல் ஓட்டம்போல, ஒருவர் தம் பங்கை ஓடி முடித்து அடுத்தவர் கையில் தடியைக் கொடுக்கிறார்.

முதல் ஓட்டக்காரர் ஃபர்ம்வேர். இது வன்தட்டில் இல்லை. தாய்ப்பலகையில் உள்ள சில்லில் இருக்கிறது. நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு ஆகியவை இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டு, எதைத் தொடங்குவது என்று தன் பட்டியலைப் பார்க்கும். தயாரிப்பாளரின் சின்னம் திரையில் தெரியும் அந்தச் சில நொடிகள் இதற்குரியவை.

இரண்டாமவர் பூட் லோடர். லினக்ஸில் பெரும்பாலும் இதன் பெயர் க்ரப். எரிக் போலின் என்பவர் 1995-இல் இதை எழுதத் தொடங்கினார். பின்னர் இது க்னு திட்டத்தின் பகுதியானது. எந்த இயங்குதளம், அதில் எந்தக் கெர்னல் என்ற பட்டியலைக் காட்டுவது இதன் வேலை. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கும் கணினிகளில், ஃபர்ம்வேருக்கும் க்ரப்புக்கும் நடுவில் ஷிம் என்ற சிறு நிரல் ஒன்று உண்டு. அதில் மைக்ரோசாஃப்டின் மின்கையொப்பம் இருக்கும். ஃபர்ம்வேர் அந்தக் கையொப்பத்தை நம்பி ஷிம்மை உள்ளே விடும். ஷிம், க்ரப்பின் கையொப்பத்தைச் சோதித்து அதை உள்ளே விடும்.

மூன்றாமவர் கெர்னல். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பதே ஆங்கிலத்தில் இச்சொல்லின் பொருள். இயங்குதளத்தின் உள்ளீடு இதுதான். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட ‘லினக்ஸ்’ என்பது, சரியாகச் சொன்னால், இந்தப் பருப்பு மட்டுமே. கெர்னலோடு கூடவே இனிட்ராம் என்ற ஒரு தற்காலிகப் பொட்டலமும் நினைவகத்தில் ஏறும். வன்தட்டைத் திறப்பதற்கான சாவிக்கொத்து என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காமவர் முழு இயங்குதளம். கெர்னல் வன்தட்டைத் திறந்து பொறுப்பை ஒப்படைத்த பின், மற்றச் சேவைகள் ஒவ்வொன்றாக எழுந்து, கடவுச்சொல் கேட்கும் திரை வருகிறது.

‘பூட்’ என்ற சொல்லே ‘பூட்ஸ்ட்ராப்’ என்பதன் சுருக்கம். காலணியை இழுத்து மாட்டுவதற்காக அதன் பின்புறம் தைத்திருக்கும் பட்டைக்கு அந்தப் பெயர். தன் காலணிப் பட்டையைத் தானே இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற கற்பனையிலிருந்து இது வந்தது. யாரும் எழுப்பாமல் தானே எழ வேண்டிய கணினிக்கு அது பொருந்திவிட்டது.

2. புதுப்பிப்பு எந்த இடத்தைத் தொடுகிறது?

உபுண்டுவிலும் மின்டிலும் புதிய கெர்னல் வரும்போது நான்கு வேலைகள் நடக்கின்றன. ‘பூட்’ என்ற கோப்புறையில் புதிய கெர்னல் கோப்பு வைக்கப்படும். அதற்குரிய கருவி இயக்கிகள் வேறொரு கோப்புறையில் இறங்கும். அந்தக் கெர்னலுக்கான இனிட்ராம் பொட்டலம் உங்கள் கணினியிலேயே புதிதாகக் கட்டப்படும். கடைசியாக, க்ரப் தன் பட்டியலைத் திருத்தி எழுதிக்கொள்ளும்.

இந்த நான்கில் உங்கள் ஆவணங்கள் இருக்கும் ‘ஹோம்’ கோப்புறை எங்கே வருகிறது? எங்கேயும் வரவில்லை. அதனால்தான் கோப்புகளுக்குப் பயம் வேண்டாம் என்றேன்.

இன்னொரு நல்ல செய்தி: புதிய கெர்னல் வந்ததும் பழையது உடனே நீக்கப்படுவதில்லை. புதியது சரிப்படாவிட்டால் திரும்பிப் போவதற்காகவே, பொதுவாகப் பழையது ஒன்றாவது விட்டுவைக்கப்படும். நேற்று வரை ஒழுங்காக எழுந்த கெர்னல் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அப்படியிருந்தும் ஏன் கோளாறு வருகிறது? மூன்றாவது வேலையோ நான்காவது வேலையோ பாதியில் நின்றுபோவது முக்கியக் காரணம். ‘பூட்’ பகுதியில் இடம் தீர்ந்திருக்கலாம். புதுப்பித்துக்கொண்டிருக்கும்போதே கரண்டு போயிருக்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை நேர இடிமழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரி செத்துப்போன பழைய மடிக்கணினியை மின்கம்பியை மட்டும் நம்பி ஓட்டுபவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

3. முதல் சிகிச்சை: பழைய கெர்னல்

திரையில் என்ன வாசகம் வந்தாலும் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

அ) திரையில் இருப்பதைக் கைப்பேசியில் படம் எடுங்கள். பிறகு யாரிடம் உதவி கேட்டாலும் இந்தப் படம்தான் பேசும்.

ஆ) ஆற்றல் விசையைப் பத்து நொடி அழுத்திப் பிடித்துக் கணினியை அணையுங்கள்.

இ) மீண்டும் தொடங்கி, தயாரிப்பாளரின் சின்னம் மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒரே ஒரு முறை தட்டுங்கள். மிகப் பழைய கணினியாக இருந்தால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். க்ரப் பட்டியல் வரும். எஸ்கேப்பைப் பல முறை தட்டிவிட்டால் ‘க்ரப்’ என்ற சொல் மட்டும் தெரியும். அது புதிய கோளாறு இல்லை. அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஈ) பட்டியலில் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே எண்களோடு கெர்னல்கள் வரிசையாக இருக்கும். எண் பெரியது புதியது. அதைவிடச் சிறிய எண் கொண்டதை, ‘ரெக்கவரி மோட்’ என்று எழுதாத வரியைத் தேர்ந்தெடுத்து என்டர் அழுத்துங்கள்.

கணினி எழுந்துவிட்டதா? அப்படியானால் பழுது புதிய கெர்னலோடு நின்றுவிட்டது. முதல் வேலையாக முக்கியக் கோப்புகளைப் பென்டிரைவிலும் கூகல் டிரைவிலும் ஒரு படி எடுத்து வையுங்கள். நாளை தேர்வுத் தாள் அச்சுக்குப் போக வேண்டுமென்றால், பழைய கெர்னலிலேயே வேலையை முடியுங்கள். பழுதை வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சில நேரம் அடுத்த புதுப்பிப்பே பழுதைச் சரிசெய்துவிடும். ஆனால் மாதக்கணக்கில் பழையதிலேயே இருந்துவிடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் புதியதில்தான் வருகின்றன.

எழவில்லை என்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

4. திரையில் பேசுவது யார்?

கடைசியாகப் பேசுபவர்தான் தடியைக் கையில் வைத்திருக்கிறார். அவர் வரை எல்லாம் சரி. அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் இடத்தில்தான் தடி விழுந்திருக்கிறது. இது புரிந்துவிட்டால் பாதிப் பழுது சரியான மாதிரி.

சூழல் ஒன்று: யாரும் பேசவில்லை, நேராக விண்டோஸ் திறக்கிறது. ஃபர்ம்வேர் தன் பட்டியலில் விண்டோஸை முதலில் வைத்துவிட்டது. க்ரப் அழியவில்லை, அழைக்கப்படவில்லை, அவ்வளவுதான். கணினியைத் தொடங்கும்போது எஃப்2, எஃப்12 அல்லது டெலீட் விசையைத் தட்டி ஃபர்ம்வேர் அமைப்புக்குள் போங்கள். எந்த விசை என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. பூட் வரிசையில் ‘உபுண்டு’ என்ற பெயரை மேலே ஏற்றிச் சேமித்து வெளியே வாருங்கள். மின்ட் பதிந்திருந்தாலும் அங்கே ‘உபுண்டு’ என்றே பெயர் இருக்கலாம். குழம்ப வேண்டாம், மின்ட் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது.

சூழல் இரண்டு: ‘க்ரப்’ அல்லது ‘க்ரப் ரெஸ்கியூ’ என்று மட்டும் வந்து, பக்கத்தில் கோடு மின்னுகிறது. பேசுவது பூட் லோடர். “நான் வந்துவிட்டேன், என் பட்டியலைக் காணவில்லை” என்கிறது. வன்தட்டின் பகுதிகளை மாற்றிப் பிரித்தவர்களுக்கும், புதுப்பிப்பு பாதியில் நின்றவர்களுக்கும் இது வரும். இதற்கு ஒரு மீட்புப் பென்டிரைவ் தேவை. வேறொரு கணினியில் லினக்ஸ் மின்டைப் பதிவிறக்கிப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் கணினியைத் தொடங்குங்கள். பதியாமலேயே இயங்கும் அந்தத் திரையில், ‘பூட் ரிப்பேர்’ என்ற கருவி பட்டியலிலேயே இருக்கும். இணைய இணைப்புக் கொடுத்து அதைத் திறந்து, பரிந்துரைக்கப்படும் பழுதுபார்ப்பைத் தேர்ந்தெடுங்கள். க்ரப்பை அது மறுபடி நிறுவிவிடும். ‘இன்ஸ்டால்’ என்ற சின்னத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள். அது புதிதாகப் பதிவதற்கானது.

சூழல் மூன்று: ‘கெர்னல் பேனிக்’ என்று தொடங்கி, ‘அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்’ என்று முடிகிறது. பேசுவது கெர்னல். க்ரப் தன் வேலையை முடித்துவிட்டது. கெர்னல் எழுந்தது, ஆனால் வன்தட்டைத் திறக்க முடியவில்லை. சாவிக்கொத்தான இனிட்ராம் முழுமையாகக் கட்டப்படவில்லை என்பதே இதற்கு வழக்கமான காரணம். பெரும்பாலும் ‘பூட்’ பகுதி நிரம்பிப்போனதால் வருவது. வன்தட்டைக் குறியாக்கம் செய்து பதிந்தவர்களுக்கு ‘பூட்’ தனியான சிறு பகுதியாக இருக்கும். ஆகவே அவர்களுக்கு இது கூடுதலாக வரும்.

பழைய கெர்னலில் நுழைந்து டெர்மினலைத் திறங்கள். ‘டிஎஃப்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, குறுங்கோடும் ‘எச்’ எழுத்தும் தட்டினால் எந்தப் பகுதி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று விழுக்காட்டில் தெரியும். ‘பூட்’ என்ற வரியில் 100 என்றிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ‘சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ்’ என்ற கட்டளை வேண்டாத பழைய கெர்னல்களை நீக்கும். நீக்கப்போகும் பட்டியலைக் காட்டி உங்கள் சம்மதம் கேட்கும். படித்துப் பார்த்துச் சம்மதியுங்கள். பிறகு ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ என்று தட்டி, இடைவெளி விட்டுக் குறுங்கோடும் ‘யு’வும், இன்னோர் இடைவெளி விட்டுக் குறுங்கோடும் ‘கே’யும், கடைசியில் ‘ஆல்’ என்ற சொல்லும் சேருங்கள். இது எல்லாக் கெர்னல்களுக்கும் பொட்டலத்தைப் புதிதாகக் கட்டும். முடிவில் ‘சூடோ அப்டேட்-க்ரப்’. இந்தப் பெயர்களின் நடுவே வருவது குறுங்கோடு. அங்கே இடைவெளி கூடாது.

டெர்மினல் என்றாலே கை நடுங்குகிறதா? பழைய கெர்னலின் ‘ரெக்கவரி மோட்’ வரியைத் தேர்ந்தெடுங்கள். சிறு பட்டியல் ஒன்று வரும். ‘க்ளீன்’ இடத்தை விடுவிக்க முயலும். ‘டிபிகேஜி’ பாதியில் நின்ற நிறுவல்களை முடிக்கும். ‘க்ரப்’ பட்டியலைத் திருத்தி எழுதும். அம்புக்குறி விசையும் என்டரும் போதும்.

சூழல் நான்கு: ‘பிஸிபாக்ஸ்’ என்ற பெயரும், அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல்லும் வருகின்றன. சாவிக்கொத்து வந்துவிட்டது, ஆனால் கதவு திறக்கவில்லை. திடீரென்று மின்சாரம் போனதால் வன்தட்டின் கோப்பு அமைப்பு சிக்கலாகியிருக்கலாம். ‘எக்ஸிட்’ என்று தட்டுங்கள். எந்தப் பகுதியில் கோளாறு என்று ஒரு பெயரைச் சொல்லும். ‘எஃப்எஸ்சிகே’ என்று தட்டி, இடைவெளி விட்டுக் குறுங்கோடும் ‘ஒய்’யும், பிறகு அந்தப் பகுதியின் பெயரையும் சேர்த்தால் அது சீர்செய்யப்படும். ஆனால் இது அடிக்கடி வந்தால் வன்தட்டே தேய்ந்துவருகிறது என்று பொருள். அப்போது சீர்செய்வதற்கு முன், ஆறாம் பகுதியில் சொல்லியிருப்பதுபோல் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

சூழல் ஐந்து: கெர்னல் எழுகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது. பெரும்பாலும் வரைகலை இயக்கி புதிய கெர்னலோடு ஒத்துப்போகவில்லை. க்ரப் பட்டியலில் உபுண்டு வரியில் நின்று ‘இ’ விசையைத் தட்டுங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசிக்குப் போய், இடைவெளி விட்டு, ‘நோமோட்செட்’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். உள்ளே போனதும் ‘கூடுதல் இயக்கிகள்’ பகுதியில் வரைகலை இயக்கியை மறுபடி நிறுவுங்கள்.

5. பூட்டே கதவை மறித்த நிகழ்வு

கோளாறு உங்கள் பக்கம் இல்லாமலும் வரலாம். 2024 ஆகஸ்ட் 13-இல் மைக்ரோசாஃப்ட் மாதாந்தரப் பாதுகாப்புப் புதுப்பிப்பை வெளியிட்டது. க்ரப்பின் பழைய பதிப்புகளில் 2022-இல் கண்டறியப்பட்ட ஓர் ஓட்டையைத் தாக்குநர்கள் பயன்படுத்தாதபடி, அந்தப் பதிப்புகளைச் செக்யூர் பூட் மறுக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இதற்கு எஸ்பேட் என்ற அட்டவணை பயன்படுகிறது. எந்தத் தலைமுறைக்கு முந்திய பூட் லோடரை நம்பக்கூடாது என்று அது சொல்லும்.

இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளில் இந்த மாற்றம் நடக்காது என்று நிறுவனம் அறிவித்திருந்தது. ஆனால் அத்தகைய கணினிகள் சிலவற்றை அந்தப் புதுப்பிப்பால் அடையாளம் காண முடியவில்லை. மறுநாள் லினக்ஸைத் திறக்கப் போனவர்கள் பலர் கண்டது, எஸ்பேட் சோதனை தோற்றது, ‘சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்’ என்ற வாசகம். அதைப் படித்தவுடன் எவருக்கும் எல்லாம் போய்விட்டது என்றே தோன்றும்.

யார் கூறியது? ஷிம். யாரைப் பற்றி? தன்னைப் பற்றியேதான், “நான் பழைய தலைமுறை, என்னை இப்போது அனுமதிப்பதில்லை” என்பதே அதன் பொருள். வன்தட்டில் ஒரு கோப்புகூடத் தொடப்படவில்லை. ஃபர்ம்வேர் அமைப்பில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், ‘மோக்யூட்டில்’ என்ற கருவியால் எஸ்பேட் கொள்கையை அழித்து, ஒரு முறை லினக்ஸை மறுதொடக்கம் செய்துவிட்டுச் செக்யூர் பூட்டை மறுபடி இயக்கினால் போதும் என்று வழிகாட்டப்பட்டது. மைக்ரோசாஃப்டின் நிலையான தீர்வு 2025 மே மாதப் புதுப்பிப்பில்தான் வந்தது.

லினக்ஸ் உலகிலும் இப்படி நடந்திருக்கிறது. 2020 ஜூலை 29-இல் ‘பூட்ஹோல்’ என்ற க்ரப் ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. அதை அடைக்க ரெட் ஹேட் வெளியிட்ட திருத்தத்தை நிறுவிய சில சர்வர்களே எழாமல் போயின. திருத்தத்துக்குத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. ஆகவே இது வீட்டில் லினக்ஸ் போட்டவர்களின் தவறு என்று நினைக்க வேண்டாம். பூட்டை மாற்றும்போது சாவி பொருந்தாமல் போவது எங்கும் நடப்பதுதான்.

இன்று உங்களுக்கு இந்த வாசகம் வந்தால், செக்யூர் பூட்டை நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், எல்லாப் புதுப்பிப்புகளையும் முடித்து, பிறகு அதை மறுபடி இயக்குங்கள். பழைய மீட்புப் பென்டிரைவும் இதே காரணத்தால் மறுக்கப்படலாம். புதிய பதிப்பை ஏற்றிக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் 2011-ஆம் ஆண்டுச் செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் தொடங்கி முடிவடைகிறது. அன்றைக்கே கணினி நின்றுவிடும் என்பதில்லை. ஆனால் சான்றிதழை மாற்றும் புதுப்பிப்புகள் இதே சங்கிலியைத்தான் தொடும் என்பதால், இந்தப் பகுதியைச் சேமித்து வையுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: விண்டோஸ் பக்கம் பிட்லாக்கர் குறியாக்கம் இருந்தால், செக்யூர் பூட்டை மாற்றியதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று கைப்பேசியில் பார்த்து எழுதி வைத்த பிறகே ஃபர்ம்வேரைத் தொடுங்கள். லினக்ஸைக் காப்பாற்றப் போய் விண்டோஸைப் பூட்டிக்கொள்ளக் கூடாது.

6. எதுவும் பலிக்கவில்லையா? முதலில் கோப்புகள்

மீட்புப் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, கோப்பு மேலாளரைத் திறங்கள். இடப்பக்கம் உங்கள் வன்தட்டு தெரியும். குறியாக்கம் செய்திருந்தால் கடவுச்சொல் கேட்கும். ‘ஹோம்’ கோப்புறைக்குள் உங்கள் பெயரில் உள்ளதைத் திறந்து, வேண்டியதை இன்னொரு பென்டிரைவுக்கோ வெளிவன்தட்டுக்கோ நகலெடுங்கள். நகலெடுத்ததில் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இதற்குப் பிறகு கடைக்குக் கொண்டுபோகலாம். அங்கே “ஓன் ஆகலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். “கெர்னல் புதுப்பிப்புக்குப் பிறகு பூட் ஆகவில்லை. வன்தட்டு நன்றாக இருக்கிறது. என் அனுமதி இல்லாமல் ஃபார்மெட் செய்ய வேண்டாம்” என்று சொல்லி, படம் எடுத்ததைக் காட்டுங்கள். அந்த மூன்று வாக்கியங்களை ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.

7. வருமுன் காக்க

தேர்வுத் தாள் தயாரிக்கும் வாரத்திலும், மதிப்பெண் பதிவேற்றும் வாரத்திலும் கெர்னல் புதுப்பிப்பைத் தள்ளிப் போடுங்கள். மறக்காமல் அடுத்த வாரம் செய்துவிடுங்கள். மாணவர்களும் முன்னோட்டத் தேர்வு வாரத்தில் அப்படியே.

புதுப்பிக்கும்போது மின்னிணைப்புக் கொடுங்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் தொடங்காதீர்கள்.

மீட்புப் பென்டிரைவ் ஒன்றைக் கணினி நன்றாக இருக்கும்போதே செய்து வையுங்கள். பள்ளிக்கு ஒன்று, ஆசிரியர் அறையில் பெயர் ஒட்டி வைத்தால் எல்லாருக்கும் உதவும்.

கோப்புகளுக்கு இரண்டாவது இருப்பிடம் கட்டாயம். ஒரே இடத்தில் இருக்கும் கோப்பு, பாதி தொலைந்த கோப்பு.

கூட்டாகச் செய்தால் இதெல்லாம் எளிது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே மாணவர் கைக்குப் போயின. கேரளத்து அரசுப் பள்ளிகள் லினக்ஸிலேயே கணினிப் பாடம் நடத்துகின்றன. நம் நாட்டிலும் 2004-இல் மம்பு அரசுத் துறைகளுக்கான திறந்த மூலத் திட்டத்தை அறிவித்தது. பழுதைப் படிக்கத் தெரிந்தவர் பள்ளிக்கு ஒருவர் இருந்தாலே பழைய கணினிகள் இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

8. மாணவர்களுக்கான பயிற்சி

கீழ்க்காணும் ஒவ்வொரு கூற்றையும் கூறியவர் யார், தடி எங்கே விழுந்தது, முதல் செயல் என்ன என்று எழுதிப் பாருங்கள். கணினி அறிவியல் பயிலும் மாணவர்களுக்கு இயங்குதளப் பாடத்தை நினைவூட்டும். தமிழ் மாணவர்களுக்குக் கருத்துணர்தல் பயிற்சி.

வினா 1: நேற்றுப் புதுப்பித்த கணினியில் ‘க்ரப் ரெஸ்கியூ’ என்று வருகிறது.
விடை: கூறியவர் பூட் லோடர். தன் பட்டியலையும் துணைக் கோப்புகளையும் அடையும் முன்பே தடி விழுந்தது. மீட்புப் பென்டிரைவில் தொடங்கி, கோப்புகளை நகலெடுத்து, க்ரப்பை மறுபடி நிறுவ வேண்டும்.

வினா 2: ‘கெர்னல் பேனிக்’ வருகிறது, பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் கணினி எழுகிறது.
விடை: கூறியவர் புதிய கெர்னல். வன்தட்டைத் திறக்கும் இடத்தில் தடி விழுந்தது. பழையது எழுவதால் வன்தட்டு நலம். ‘பூட்’ பகுதியின் இடத்தைப் பார்த்து, இனிட்ராமை மறுபடி கட்ட வேண்டும்.

வினா 3: எந்த வாசகமும் இல்லாமல் விண்டோஸ் திறக்கிறது.
விடை: கூற்றே இல்லை. ஃபர்ம்வேர் தடியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டது. பூட் வரிசையை மாற்ற வேண்டும்.

வினா 4: இம்மூன்றிலும் ஃபார்மெட் செய்ய வேண்டிய தேவை எதில் உள்ளது?
விடை: எதிலும் இல்லை.

இந்த நான்காம் விடையை மட்டுமாவது உங்கள் வகுப்புப் புலனக் குழுவில் இன்றே பகிருங்கள். கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறும் ஒரு மாணவருக்கு, அவருடைய ஓராண்டு உழைப்பை அது காப்பாற்றித் தரலாம்.